பட்டாக்கத்தி வேம்புவின் சாட்சி

"அவன் சைக்கிள் செயின ஓங்குனான். நான் கத்திய எறக்குனேன். மூணு வெரலு, சகோதரர்களே, மூணு வெரலு தனியா ரோட்டுல கெடந்து துடிச்சுது!"

இந்த இடம் வரும்போது வேம்பு மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிப்பான். பதிமூன்று வருஷப் பழக்கம். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். முன்வரிசை வாலிபர்கள், விரல் இன்னும் அங்கேயே கிடப்பதுபோல எம்பிப் பார்ப்பார்கள். மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டு, "அந்தப் பாவியத் தேடித்தான் ஆண்டவரு ஜெயிலுக்குள்ள வந்தாரு" என்பான். ட்ரம்ஸ்காரன் ஒரு அடி போடுவான். கைதட்டலில் சபையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதிரும்.

ஆறு கடலில் சேருகிற பட்டினப்பாக்கத்துப் பக்கம் இருந்தது அந்தச் சபை. பாஸ்டர் ஞானசிகாமணி நெல்லைச் சீமைக்காரர், காரியக்காரர். வேம்பு சபைக்கு வந்த புதிதில், பெயரை மாற்றி ஏதாவது வேதப்பெயர் வைக்கலாம் என்று மூப்பர்கள் சொன்னபோது அவர்தான் தடுத்தார். 'முன்னாள் பட்டாக்கத்தி, இந்நாள் பக்திமான்: சகோ. வேம்பு சாட்சி கூறுகிறார்' என்று நோட்டீஸ் அடித்தால்தானே எடுப்பாக இருக்கும். அடையாறு, தி. நகர், கோடம்பாக்கம், திருவான்மியூர், எங்கே வாலிபர் கூட்டம் நடந்தாலும் வேம்புவுக்கு ஆள் வந்துவிடும். வாரமெல்லாம் மூன்று சக்கர மீன்பாடி வண்டி மிதித்து வீடு வீடாகப் பீரோவும் கட்டிலும் இறக்குகிறவன், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையில் மேடை ஏறினால் ஆளே வேறு. காலேஜ் படிக்கிற பையன்கள் வரிசையில் நின்று கைகுலுக்குவார்கள். "எந்தக் கைண்ணே, இந்தக் கையா?" என்று தொட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சுகம் அவனுக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

பொய் வேறு இடத்தில் இருந்தது. செயின் என்று ஒன்று கிடையவே கிடையாது.

எழுபத்தொன்பது கடைசியில், தி. நகர் ரங்கநாதன் தெரு முனையில், கடை வாசலை மறைக்கிறான் என்று ஒரு கடைக்காரன் கைகாட்டிய பிளாட்பார டெய்லரைத்தான் வேம்பு வெட்டினான். தகரப் பலகையில் 'இனாயத் டெய்லர்' என்று எழுதியிருந்தது. அந்தக் கேஸ் பதிவாகவே இல்லை. பின்னால் ஏதோ தியேட்டர் அடிதடியில்தான் வேம்பு ஒன்றரை வருஷம் உள்ளே போனான். அங்கே ஜெபம் நடத்த வந்த பாஸ்டரிடம் முதல் தடவை அழுதுகொண்டே உள்ளதை உள்ளபடி சொன்னான். வெளியே வந்து சபையிலும் அப்படியே சொன்னான். யாரும் கைதட்டவில்லை. ஒரு அம்மாள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அன்று பாஸ்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "சகோதரரே, கையில ஒண்ணுமில்லாதவன வெட்டுனேன்னா கேக்குறவங்களுக்கு உங்க மேல அருவருப்புல்லா வருது. ஆண்டவருடைய மகிமை பின்னால போயிருது. டெய்லர் கிய்லர்னு விளக்கம் எதுக்கு? 'ஒருத்தன்'னு சொல்லுங்க, போதும்" என்றார். டெய்லர் ஒருத்தன் ஆனான். ஒருத்தன் கையில் அடுத்த வருஷம் செயின் முளைத்தது. அதற்கடுத்த வருஷம் அவனுக்குப் பின்னால் ரெண்டு பேர் நின்றார்கள். கண், காது, மூக்கு வைத்து வளர்த்த பிள்ளை அது. வேம்புவுக்கே கொஞ்ச நாளில் செயின் பளபளப்பது கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது.

வேம்புவின் மனைவி ஜெயசீலி பிறவிக் கிறிஸ்தவள், அபிராமபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. அவள் சபைக்குப் போவாள், பாடுவாள், ஆனால் புருஷன் மைக்கைப் பிடித்ததும் செருப்பைப் பார்த்துக்கொள்கிற சாக்கில் வெளியே போய்விடுவாள். அவளுடைய வேதம் வீட்டுப் பாயில் இருந்தது. தினம் சாயங்காலம் விளக்கு போட்டதும் மூன்று பேரும் உட்கார வேண்டும். ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம். அதற்குப் பிறகு அவளுடைய அம்மா வீட்டு வழக்கம் ஒன்று: இன்றைக்கு யாருக்கு என்ன தப்புச் செய்தோம் என்று ஒவ்வொருவரும் சொல்லி, யாருக்குச் செய்தோமோ அந்த ஆளிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆண்டவரிடம் கேட்டால் மட்டும் போதாது என்பாள். வேம்புவுக்கு அது சின்னப்பிள்ளை விளையாட்டாகப் பட்டது. "மார்க்கெட்ல ஒருத்தன ஏசிட்டேன்" என்று எதையாவது ஒப்புக்குச் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொள்வான்.

பையன் கிதியோன் அப்படியில்லை. எண்பதில் பிறந்தவன், ஒல்லி, அம்மா கண். அவன் யோசித்து யோசித்துத்தான் சொல்வான். ஒரு நாள் அம்மாவுக்கு எடுத்து வைத்த முட்டையைத் தின்றுவிட்டு, பூனைமேல் பழி போட்டிருந்தான். ரெண்டு நாள் பாயில் வாயைத் திறக்கவில்லை, சோறும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டு சொன்னான். ஜெயசீலி அவன் தலையைத் தடவி, "சரி போ, நாளைக்கு ஆளுக்குப் பாதி" என்றாள். அதோடு முடிந்தது அந்த வீட்டு நியாயத்தீர்ப்பு.

ஞாயிற்றுக்கிழமை வேறு கணக்கு. நாலு வயசிலிருந்து முன்வரிசையில் உட்கார்ந்து அப்பாவின் சாட்சியைக் கேட்டு வளர்ந்தவன் பையன். எந்த இடத்தில் செயின், எந்த இடத்தில் விரல், எந்த இடத்தில் ட்ரம்ஸ், எல்லாம் மனப்பாடம். மூன்றாம் வகுப்பில் ஸ்கேலை வைத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டி டீச்சரிடம் அடி வாங்கினான். வேம்பு அதைக் கேட்டுச் சிரித்தான். அப்பன் புத்தி அன்றைக்குப் புல் மேயப் போயிருந்தது.

தொண்ணூற்றாறு ஏப்ரலில் வாலிபர் முகாம். ஞானஸ்நானம் எடுக்கிறவர்கள் சபை முன்னால் எழுந்து, எந்தப் பாவத்திலிருந்து ஆண்டவர் தன்னை மீட்டார் என்று சொல்ல வேண்டும். பாஸ்டர் கேட்டுத் திருப்திப்பட்டால்தான் தண்ணீர். கிதியோனுக்கு முன்னால் ஏழு பேர். ஒருத்தன் சாராயம் விற்றவன், ஒருத்தன் பெண்டாட்டியைக் கொளுத்தப் போனவன். ஒவ்வொருவருக்கும் கைதட்டு, அல்லேலூயா. பையன் எழுந்தான். தொண்டையைச் செருமினான்.

"எங்கம்மாவுக்கு வெச்ச முட்டைய நான் துன்னுட்டேன். பூனை துன்னுச்சின்னு சொன்னேன்."

முதலில் பின் வரிசையில்தான் சிரித்தார்கள். அப்புறம் சபை முழுக்கச் சிரித்தது. ட்ரம்ஸ்காரன் கிண்டலாக ஒரு அடி அடித்தான், அதற்கும் சிரித்தார்கள். பாஸ்டருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. "தம்பி, உங்கப்பா சாட்சியில நூத்துல ஒரு பங்காச்சும் வேண்டாமா? இன்னும் உனக்குப் பாவ உணர்வு வரல. ஜெபம் பண்ணு. அடுத்த வாட்டி பாப்போம்" என்றார். மேடையில் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த வேம்புவும் சிரித்தான். பையன் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை வேம்பு அன்று பார்த்தான், ஆனால் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு பாயில் கிதியோன் ஒன்றும் சொல்வதில்லை. "ஒண்ணும் பண்லம்மா" என்பான். பெருமையாக இல்லை, நோயைச் சொல்கிறவன் மாதிரி சொல்வான்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு, சபை முடிந்து வந்து சாப்பிட்டபின், பையன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "நைனா, அன்னிக்குக் கத்திய எப்டிப் புட்ச்சிக்கினே?"

வேம்புவுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. மகனுக்குச் சபைக் காரியத்தில் நாட்டம் வருகிறதே என்று நினைத்தான். இதைவிட ஒரு முட்டாள்தனத்தை அவன் பட்டாக்கத்தி நாளில்கூடச் செய்ததில்லை. கழுவி வைத்திருந்த கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்தான். "கையால வெட்னா வெட்டு உழாது நைனா. தோ பாரு. தோள்லேந்து வரணும். ஒடம்பே கூட வரணும்." கரண்டி காற்றில் விர்ரென்று இறங்கியது. பையன் எழுந்து அதேபோலச் செய்தான். "அப்டித்தான்" என்றான் வேம்பு. உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஜெயசீலி எட்டிப் பார்த்து, "சாப்டுற கரண்டிய வெச்சிக்கினு இன்னாய்யா ஆட்டம்?" என்றாள். அப்பனும் மகனும் சேர்ந்து சிரித்தார்கள். மகனோடு சேர்ந்து அப்படிச் சிரித்து வேம்புவுக்கு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

ஒன்பது நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கண்ணாடி வைத்த பீரோ ஒன்றைக் கட்டி ஏற்றிக்கொண்டு வேம்பு கச்சேரி ரோட்டிலிருந்து மந்தைவெளிப் பக்கம் மிதித்துக்கொண்டு வந்தான். டீக்கடை வாசலில் கூட்டம். நடுவில் வெள்ளைச் சட்டை, காக்கிப் பள்ளிக்கூட பேண்ட். கிதியோன்.

அவனுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் ஜவஹர். அந்தப் பக்கத்தில் பேர்போன அடியாள். பையன் கத்தினான். "டேய் ஜவஹரு! ஆம்பளையா இருந்தா எய்ந்து வாடா! செயின எட்றா!"

செயின். வேம்புவின் கால் பெடலில் நின்றுவிட்டது.

ஜவஹர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான், பளாரென்று ஒரு அறை விட்டான். பையன் மூன்றடி தள்ளிப் போய் விழுந்தான். டீக்கடையே சிரித்தது. "எந்த ஸ்கூலுடா நீ? போயி பாடம் படி" என்றான் ஜவஹர். பையன் எழுந்தான். உதடு கிழிந்திருந்தது. முதுகுப் பக்கம் சட்டைக்குள் கைவிட்டு, இளநீர் வெட்டுகிற அரிவாளை உருவினான். அதைப் பார்த்த மாத்திரத்தில் பேர்போன ஜவஹர் பெஞ்சைத் தாண்டிக் குதித்துச் சந்துக்குள் ஓடிப்போனான். அரிவாளைப் பார்த்தால் ஓட வேண்டும் என்று தெரிந்தவன் அவன், தொழில்காரன்.

ஓடத் தெரியாதவன் பக்கத்து சைக்கிள் கடை வலியுல்லா. இருபத்திரண்டு வயசு, கையெல்லாம் கிரீஸ். அவன் நேரே வந்து கையை நீட்டினான். "தம்பி, வாணாம்டா. அத்த என்கிட்ட குடு. ஊட்டுக்குப் போ நைனா."

அரிவாள் இறங்கியது. நாற்பதடி தூரத்திலிருந்து வேம்பு அந்த வெட்டை அடையாளம் கண்டான். தோளிலிருந்து வந்தது. உடம்பே கூட வந்தது.

வேம்பு ஹேண்டில்பாரை விட்டான். வண்டி சாய்ந்து, பீரோ ரோட்டில் விழுந்து, கண்ணாடி நூறு துண்டாகச் சிதறியது. அதன்மேலேயே ஓடினான். மகன் கையை முறுக்கி அரிவாளைப் பிடுங்கி எறிந்தான். பிறகு அடித்தான். மூஞ்சியில், நெஞ்சில், வயிற்றில், விழுந்தவனைத் தூக்கி நிறுத்தி மறுபடி மூஞ்சியில். பதிமூன்று வருஷமாக எறும்பை நசுக்காத கை. அது எதையும் மறந்திருக்கவில்லை. பையனின் மூக்கு உடைந்தது, முன்பல் ஒன்று தெறித்தது. பிடிக்க வந்த ரெண்டு பேரையும் வேம்பு முழங்கையால் இடித்துத் தள்ளினான். கூட்டம் வேடிக்கை பார்த்தது.

பையன் ரத்த வாயோடு சொன்னான்: "இப்பச் சொல்லலாம்ல நைனா? இப்ப பாஸ்டர் ஒத்துப்பாருல்ல?"

வேம்புவின் கை ஓங்கியபடியே நின்றது.

கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. "அட்சது போதும்யா... யாராச்சும் எங் கையக் கட்டுங்கய்யா." வலியுல்லா தரையில் உட்கார்ந்து, வலது முன்கையை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தான். விரல்களின் வழியே ரத்தம் குதித்துக்கொண்டிருந்தது. அதுவரை அவனை ஒருத்தரும் பார்க்கவில்லை. வேம்பு சைக்கிள் கடைக்குள் பாய்ந்து டியூப் ஒன்றை எடுத்து வந்து கையைச் சுற்றி முறுக்கிக் கட்டினான். மீன்பாடி வண்டியை நிமிர்த்தி அவனைப் படுக்கவைத்து, ரத்தம் வழிந்த பலகையோடு பெரிய ஆஸ்பத்திரிவரை நிற்காமல் மிதித்தான். திரும்பிப் பார்த்தபோது மகனின் ரெண்டு கையையும் துண்டால் கட்டிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் வந்துகொண்டிருந்தது.

பதினாறு நிறைய ரெண்டு மாதம் இருந்ததால் கிதியோனை ஜெயிலில் போடவில்லை, சிறுவர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். வலியுல்லாவின் கை பிழைத்தது, ஆனால் நரம்பு அறுந்துவிட்டது, விரல் மடங்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

வெட்டு நடந்த மறுநாளே பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். ஜெபம் பண்ணினார். பிறகு வேம்புவின் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "சோர்ந்து போகாதீங்க சகோதரரே. இதுலயும் ஒரு நோக்கம் உண்டு. பையன் வெளிய வரட்டும். அப்பாவும் மகனும் ஒரே மேடையில நின்னு சாட்சி சொன்னா இந்தப் பட்டணமே அசையும்லா?"

ஜெயசீலி மூலையிலிருந்த விளக்குமாற்றை எடுத்தாள். பாஸ்டர் அது எதற்கென்று புரிந்துகொள்வதற்குள் அவள் ஓங்கிவிட்டாள். இத்தனை வருஷ விசுவாசம் வேம்புவின் காலைத் தள்ளிவிட்டது. நடுவில் போய் நின்றான், அடி அவன் கன்னத்தில் விழுந்தது. யார்மேல் விழுந்தது என்று பார்த்தவள், சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, நிறுத்தவில்லை.

"முட்டைக்கு அழுதாம்யா அவன்!" ஒரு அடி. "ரெண்டு நாளு சோறு துன்னாம அழுதான்! அது பாவ உணர்வு இல்லியா?" இன்னொரு அடி. "ஊரே சிரிச்சுது. நீயும் சிரிச்சியாமே மேடையில குந்திக்கினு! பெத்தவன் சிரிக்கலாமாய்யா?" குச்சிகள் பிய்ந்து பறந்தன. "வெட்னவனுக்குக் கைதட்டு, அழுதவனுக்குச் சிரிப்பு. புள்ள எத்தக் கத்துப்பான்?"

பாஸ்டர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேம்பு அசையவில்லை. நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. விளக்குமாறு கட்டு அவிழ்ந்து கையோடு பிய்ந்து வந்த பிறகுதான் அவள் உட்கார்ந்து அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை வேம்பு சபைக்குப் போனான். வீங்கிய முகத்தோடு அவன் வருவதைப் பார்த்து எல்லாரும் 'உச்' கொட்டினார்கள். அவனே போய் மைக்கை எடுத்தான். வாலிபர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அவன் கையில செயின் இல்ல" என்றான்.

யாருக்கும் புரியவில்லை. முன்வரிசையில் ஒருத்தன் எடுத்துக்கொடுத்தான்: "செயின ஓங்குனான்ணே."

"செயினு கெடையாது. மூணு பேரும் கெடையாது. அவன் டெய்லரு. பிளாட்பாரத்துல குந்திக்கினு தெச்சிக்கினு இருந்தான். நான்..."

பாஸ்டர் கையைக் காட்டினார். ட்ரம்ஸ் ஆரம்பித்தது. கீபோர்டு சேர்ந்துகொண்டது. "சகோதரருக்காக நாம பாரத்தோட ஜெபிப்போம்" என்று பாஸ்டர் இன்னொரு மைக்கில் பாட ஆரம்பித்தார். வேம்பு இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தான், வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. பின் வரிசையில் ஜெயசீலி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் வெளியே போகவில்லை. கேட்காத குரலை அவள் ஒருத்தி கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை சிறுவர் இல்லத்தில் பார்வை நேரம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கிதியோன். மூக்கில் பிளாஸ்திரி, முன்பல் இருந்த இடத்தில் ஓட்டை. முகம் மட்டும் தெளிவாக இருந்தது, பரீட்சை எழுதி முடித்தவன் முகம் மாதிரி.

"நைனா, நான் மனசுக்குள்ளயே சொல்லிப் பாத்துக்கினு கீறேன். மொதல்ல ஜவஹரு அட்சத சொல்லுவேன். அப்றம் அருவாள..."

"கிதி" என்றான் வேம்பு. "நான் சொல்றத மொதல்ல கேளு. ஒனக்கு மட்டுந்தான் சொல்றேன்."

சொன்னான். "நீ அப்ப ஒங்கம்மா வயித்துல. அந்தாளு பேரு இனாயத்து. குனிஞ்சி ஒரு கொழந்த கவுனு தெச்சிக்கினு இருந்தான். ரோசா கலரு. என்னைய அவன் பாக்கவே இல்ல. துணிய நவுத்துற கையி மிசின்மேல இருந்திச்சி. அப்டியே போட்டேன். அவன் கத்தல, கிதி. காலு நிக்கல. வெரலு போயிடிச்சி, காலு பாட்டுக்கு மிசின மிதிச்சிக்கினே கீது. ஊசி எறங்கி எறங்கி ஏறுது. கவுனெல்லாம் ரத்தம். அப்பத்தான் தலையத் தூக்கினான். 'நான் இன்னாண்ணே பண்ணேன்?' னான். அண்ணேன்னு கூப்ட்டான். நான் ஓடிப்பூட்டேன். கடேசிவரிக்கும் அவன் காலு நிக்கல."

வேம்பு அழுதான். மேடையில் அழுகிற மாதிரி இல்லை, மூக்கு ஒழுக, அசிங்கமாக அழுதான். "தெனிக்கும் அந்தச் சத்தம் கேக்குது. பெடல மிதிக்கும்போதெல்லாம் கேக்குது. அத்த மறைக்கத்தாண்டா செயின வெச்சேன். பொய்யச் சொல்லிச் சொல்லி ஒன்ன வளத்துட்டேன். ஒரு முட்டைக்கு நீ அழுதப்ப நான் கால்ல உழுந்திருக்கணும், சிரிச்சிட்டேன். என்னைய மன்னிச்சிடு நைனா."

ஜெயசீலியின் பாயில் பதிமூன்று வருஷம் உட்கார்ந்தும் அவன் ஒரு தடவைகூட உண்மையாகக் கேட்காத மன்னிப்பு அது.

கிதியோன் கேட்டான். "அந்த இனாயத்து இன்னா ஆனாரு?"

"தெர்ல. கேட்டதேயில்ல."

பையன் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டான். "நான் வெட்னவரு பேரு இன்னா நைனா?"

"வலியுல்லா."

"எப்டிகீறாரு?"

அன்றைக்கு வேம்பு நேரே ஆஸ்பத்திரிக்கு மிதித்தான். கட்டிலருகே உட்கார்ந்திருந்த வலியுல்லாவின் அம்மா கமர் ஜஹான், அவன் யாரென்று சொல்லி முடிப்பதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டாள். வார்டே திரும்பிப் பார்த்தது. தலையில், காதில், விளக்குமாறு கிழித்திருந்த அதே கன்னத்தில் அடித்தாள். "எம்புள்ள இன்னாடா பண்ணான்? சொல்லு! வாணாம்னு சொல்ல வந்தவனயாடா வெட்டுவீங்க? எதுக்குடா?"

அந்தக் கேள்வி முன்னாலும் ஒரு தடவை, இனாயத்தின் வாயிலிருந்து, அவன் காதில் விழுந்திருக்கிறது. அப்போது ஓடினான். இப்போது நின்றான். "சபையில எய்ந்து சொல்றதுக்கு அவனுக்கு ஒரு பாவம் வேண்டியிருந்திச்சிம்மா" என்றான். "அது பெருமன்னு நான்தான் கத்துக்குட்த்தேன்."

கமர் ஜஹானுக்கு அது புரியவில்லை. யாருக்குத்தான் புரியும்? அவள் மறுபடி அடித்தாள். அடுத்த நாளும் வேம்பு போனான், அடி வாங்கினான், வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். நாலாம் நாள் அவள் செருப்பைக் கழற்றவில்லை. மருந்துச் சீட்டை நீட்டி, "போய் வாங்கியா" என்றாள்.

செவ்வாய்க்கிழமைதோறும் கிதியோன் கம்பி வலைக்கு ஓடிவந்து ஒன்றைத்தான் கேட்டான். அம்மாவைக்கூட அப்புறம்தான் விசாரித்தான். ஆகஸ்டில் வலியுல்லாவுக்குக் கட்டுப் பிரித்தார்கள். அந்த வாரம் பையன் வலையில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றான்.

"வெரலு மடங்குதா நைனா?"

ஒரு செயினை ஒன்றுமில்லாத கையில் முளைக்கவைத்த நாக்கு அது. ஒரு விரலை மடக்க அதற்கு எவ்வளவு நேரமாகும்? 'சுண்டு விரல் லேசா அசையுது' என்று சொன்னால் பிள்ளை இன்று ராத்திரி தூங்குவான். வாய்வரை வந்துவிட்டது.

"மடங்கல" என்றான் வேம்பு. "ஸ்பேனரப் புடிக்க முடியாதாம்."

கிதியோன் தன் வலது கையைப் பார்த்தான். விரல்களை மடக்கினான், விரித்தான், மறுபடி மடக்கினான். அது அவ்வளவு சுலபமாக மடங்குவதைப் பார்த்துக்கொண்டே அவன் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தான். முட்டைக்கு அழுத அதே அழுகை. வேம்பு வலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். அழாதே என்று சொல்லவில்லை.